மிமி பால்மர் என்று வாங்கினேன், பூத்தது வேறு. இது என்ன வாண்டா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ‘வாண்டா மிமி பால்மர்’ என்று லேபிள் கட்டிய ஒரு சின்ன ஆர்க்கிட் செடியை (வாண்டா என்பது ஆர்க்கிடில் ஒரு பேரினம்), வாசனைக்காகவே, 850 ரூபாய் கொடுத்து வாங்கினீர்கள். திருச்சியில் மொட்டைமாடி நிழல்வலைக்குக் கீழே தொங்கவிட்டு, வெயில் காலத்தில் தினம் இரண்டு வேளை வேருக்குத் தண்ணீர் காட்டி வளர்த்தீர்கள். போன மாதம் முதல் தடவையாகப் பூத்தது. பூ உள்ளங்கை அகலம், முழுக்கக் கருநீலம், மேலே வலை விரித்த மாதிரி கோடுகள். மருந்துக்குக்கூட வாசனை இல்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களா, இதன் உண்மையான பெயர் என்ன, டிஎன்ஏ சோதனையில் கண்டுபிடிக்க முடியுமா என்று மூன்று கேள்வி கேட்கிறீர்கள். எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் நடுக்கேள்விதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. நாலு பேரிடம் படத்தைக் காட்டியிருக்கிறீர்கள். ஒருவர் ராபர்ட்ஸ் டிலைட் என்றாராம், இன்னொருவர் கார்டன் டில்லன், மூன்றாமவர் பச்சரா டிலைட். நாலாமவர் மட்டும் ‘ஏதோ ஒரு வாண்டா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்களுக்கு அவர் மேல் கோபம். எனக்கு அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

நான் தோட்டக்கலை படித்தவன். படித்து முடித்ததும் நாலு வருஷம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தேன். அப்புறம் பொள்ளாச்சிப் பக்கம் சொந்தமாக நிழல்குடில் போட்டு, பதினேழு வருஷமாக ஆர்க்கிட் வளர்த்து விற்கிறேன். தப்பு லேபிளோடு செடி வாங்கி ஏமாந்திருக்கிறேன், தப்பு லேபிளோடு செடி விற்றும் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் தெரியும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. உங்கள் செடி மிமி பால்மர் இல்லை. மிமி பால்மர் சிங்கப்பூர்க் கலப்பினம். வாண்டா டான் சே யான் என்ற இன்னொரு சிங்கப்பூர்க் கலப்பினத்தோடு வாண்டா டெசலேட்டாவைச் சேர்த்துப் பிறந்தது. டெசலேட்டா நமக்கு அந்நியமே இல்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் பழைய மாமரங்களில் வேரைப் பரப்பிக்கொண்டு தொத்தியிருக்கும் அதே செடிதான். பூ சின்னது, தடித்தது. பழுப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்து கட்டம் போட்ட இதழ், நீலமோ ஊதாவோ ஓடிய உதடு (பூவின் நடுவில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியும் இதழ்). இதழைத் திருப்பிப் பார்த்தால் முதுகு வெள்ளை. வாசனை தூக்கலாக இருக்கும். மிமி பால்மர் அந்த வாசனையையும் கட்டம் போட்ட பழுப்பு கலந்த ஊதாவையும் இந்தப் பாட்டியிடமிருந்துதான் வாங்கிக்கொண்டது. பாட்டி என்பதைவிடப் பெற்றோரில் ஒன்று என்று சொல்லவேண்டும், ஒரு தலைமுறைதான் தள்ளி. அதில் உதடு மட்டும்தான் பளிச்சென்று நீலம் காட்டும். பூ முழுக்க ஒரே கருநீலமாக, உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக விரியாது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘வாசனை இல்லை’ என்பதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதக்கூடாது. மிமி பால்மர் பகலில் மணப்பது. காலை ஆறு மணிக்குக் காபி டம்ளரோடு மாடிக்குப் போய் மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூ விரிந்து முதல் ஓரிரு நாளிலும் தெரியாது. வெயில் ஏறி, பூ முழுசாக விரிந்து சில நாள் ஆனபின் பார்க்கவேண்டும். நிறமும் அப்படித்தான். ஒரே செடி மார்கழியில் ஒரு நிறமும் சித்திரையில் வெளுத்த இன்னொரு நிறமும் காட்டும். முதல் பூங்கொத்தில் பூ சிறுத்தும் எண்ணிக்கை குறைந்தும் இருப்பது வழக்கம். அதனால் பொதுவாக யார் கேட்டாலும் ‘இரண்டாவது தடவை பூக்கட்டும், பார்க்கலாம்’ என்றுதான் சொல்வேன். உங்கள் விஷயத்தில் அந்தப் பொறுமை தேவையில்லை. நிறம் மட்டும் மாறியிருந்தால் யோசிக்கலாம். நிறம், அளவு, வடிவம், மணம் நாலும் ஒன்றாக மாறியிருக்கிறது. வெயிலும் உரமும் அப்படி மாற்றாது.

இனி பெயர். இங்கேதான் ஆர்க்கிட் உலகத்தின் ஒரு வழக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கலப்பின ஆர்க்கிடின் பெயர் பூவைப் பார்த்து வைப்பதில்லை, பெற்றோரைப் பார்த்து வைப்பது. குறிப்பிட்ட இரண்டு செடிகளைச் சேர்த்தால் வரும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும், பத்தாயிரம் பிறந்தாலும், ஒரே பெயர்தான். அதற்கு கிரெக்ஸ் என்று பெயர். எது தாய், எது தந்தை என்று மாற்றிப் போட்டாலும் பெயர் மாறாது. முப்பது வருஷம் கழித்து வேறொரு நாட்டில் வேறொருவர் அதே சேர்க்கையைச் செய்தாலும் அதே பெயர்தான். நம் ஊர் மாங்காயை வைத்துச் சொன்னால் எளிது. ஒரு மாங்கொட்டையைப் போட்டு வளர்ந்த மரம் தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்று யாரும் நம்புவதில்லை. இமாம்பசந்த் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான் வாங்குகிறோம். கிரெக்ஸ் பெயர் என்பது ‘இன்ன மரத்துக்கும் இன்ன மரத்துக்கும் பிறந்த கொட்டைக்கன்று’ என்று சொல்வது மாதிரி. ஒட்டுக்கன்றுக்குச் சமமானது ஆர்க்கிடில் மெரிக்குளோன். ஒரு நல்ல செடியின் நுனித்திசுவை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் பெருக்குவது. 1960-இல் ஜார்ஜ் மொரேல் என்ற பிரெஞ்சுக்காரர் சிம்பிடியம் என்ற ஆர்க்கிடில் செய்துகாட்டிய பிறகு பரவியது. பூக்கடையில் கட்டு கட்டாக வரும் டென்ட்ரோபியம் சோனியா 17 என்ற ஆர்க்கிடை எடுத்துக்கொள்ளுங்கள். சோனியா என்பது கிரெக்ஸ், குடும்பப் பெயர் மாதிரி. அந்த 17 என்பதுதான் குறிப்பிட்ட குளோன். வாண்டா அவ்வளவு எளிதாகக் குளோனுக்கு வளைந்து கொடுக்காது. அதனால் உங்களுக்கு வந்ததைப் போன்ற சின்னச் செடிகள் பெரும்பாலும் விதைக்கன்றுகள். மொத்தமும் கொட்டைக்கன்று.

இந்தக் கணக்கை வைத்திருப்பது லண்டனில் இருக்கும் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி. மனிதன் கைவைத்துச் செய்த முதல் கலப்பின ஆர்க்கிட், காலந்தே டொமினி, 1856-இல் இங்கிலாந்தில் வீச் நர்சரியில் பூத்தது. செய்தவர் ஜான் டொமினி. அதற்கப்புறம் கலப்பினங்கள் குவிந்ததில், பிரெடரிக் சாண்டர் என்ற ஆர்க்கிட் வியாபாரி பட்டியல் போட ஆரம்பித்தார். 1906-இல் தொடங்கிய அந்தப் பட்டியலை அவர் குடும்பம் தொடர்ந்து நடத்தியது. 1961-இல் சொசைட்டி பொறுப்பெடுத்துக்கொண்டது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள் அதில் இருக்கின்றன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். பெயரைக் கொடுத்தால் பெற்றோர் யார், யார் பதிவு செய்தார், எப்போது என்று வரும். ஆனால் அது பிறப்புப் பதிவேடு மாதிரி. தெருவில் நிற்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், முகத்தைக் காட்டி, இவன் பெயர் என்ன என்று அந்தப் பதிவேட்டிடம் கேட்க முடியாது.

உங்களுக்கு வந்த மூன்று பெயரில் இரண்டை அதில் தட்டிப் பாருங்கள். ராபர்ட்ஸ் டிலைட்டின் பெற்றோர் காசெம்ஸ் டிலைட்டும் மேடம் ரத்தனாவும். கார்டன் டில்லனின் பெற்றோர் மேடம் ரத்தனாவும் பாங்காக் புளூவும். அதாவது இரண்டும் ஒரு பக்கத்துப் பெற்றோர் ஒன்றான பிள்ளைகள். இரண்டிலும் கருநீலமும் உண்டு, ஊதாவும் உண்டு, சிவந்ததும் உண்டு. ராபர்ட்ஸ் டிலைட்டில் ஒரு கருநீலப் பிள்ளையையும் கார்டன் டில்லனில் ஒரு கருநீலப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு லேபிளைக் கழற்றிவிட்டால், என்னால் சொல்ல முடியாது. வாண்டாவையே தொழிலாக வைத்திருக்கும் தாய்லாந்துக்காரர்களும் ஊகம்தான் செய்வார்கள். பச்சரா டிலைட்டும் அதே நிறத்தில், அதே வட்டத்தில் சுற்றுவது. படத்தைப் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்பவர் அந்த மூன்றில் தன் வீட்டில் எது இருக்கிறதோ அதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் பூவிலிருந்து ஒன்றுமே தெரியாதா? கொஞ்சம் தெரியும். அந்த வலைக்கோடும் நீலமும் வாண்டா கோருலியாவிடமிருந்து வந்தவை. காசி மலையிலிருந்து மியான்மர், தாய்லாந்து வரைக்கும் மலைக்காட்டில் இருப்பது. அந்தத் தட்டு மாதிரி விரிந்த வட்ட வடிவமும் பெரிய அளவும் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவிலிருந்து வந்த வாண்டா சாண்டேரியானாவுடையவை. உதட்டைப் பாருங்கள், பூவின் அளவுக்குப் பொருத்தமே இல்லாமல் சின்னதாக இருக்கும். அதுவும் சாண்டேரியானா குணம். இந்த இரண்டையும் சேர்த்ததுதான் 1931-இல் பதிவான வாண்டா ராத்ஸ்சைல்டியானா. இன்று கடையில் கிடைக்கும் பெரிய நீல வாண்டாக்கள் அனேகமாக எல்லாமே இந்த இரண்டு ரத்தமும் திரும்பத் திரும்பக் கலந்தவை. அதனால் ‘கோருலியாவும் சாண்டேரியானாவும் முன்னோரில் இருக்கிற பெரிய பூ வாண்டா’ என்பது வரைக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். இன்னொன்றை ஊகமாகச் சொல்லலாம். சுத்தமான கோருலியா மலைக்குளிரில் இருந்தது, திருச்சி வெயிலில் திணறும். உங்கள் செடி சித்திரை வெயிலைத் தாங்கிப் பூத்தும் விட்டது என்றால் சாண்டேரியானா பங்கு கணிசமாக இருக்கலாம். இது ஊகம்தான். இதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைத்தாலும் ஜோசியம்.

டிஎன்ஏ பற்றிக் கேட்டீர்கள். தொழில்நுட்பம் இருக்கிறது, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. டிஎன்ஏ சோதனை என்பது ஒப்பிடுவது. எதோடு ஒப்பிடுவது என்று கையில் இருக்கவேண்டும். நல்ல உதாரணம் சிங்கப்பூரின் வாண்டா மிஸ் ஜோகிம். ஆக்னெஸ் ஜோகிம் என்ற அம்மையாரின் தோட்டத்துச் செடி. 1893-இல் அங்கே தாவரத் தோட்டத்தை நடத்திய ஹென்றி ரிட்லி அதை உலகத்துக்குச் சொன்னார். 1981-இல் தேசிய மலராகவே ஆக்கினார்கள். அந்த அம்மாள் கையால் மகரந்தம் வைத்துப் பிறந்ததா, தேனீ வைத்ததா, அதன் பெற்றோரான ஹூக்கேரியானா, டெரெஸ் என்ற இரண்டு இனங்களில் எது தாய் என்று நூறு வருஷம் வாதம் நடந்தது. தாய் எது என்பதை மட்டும் கடைசியில் டிஎன்ஏ சொல்லிவிட்டது, டெரெஸ்தான் என்று. சொல்ல முடிந்ததற்குக் காரணம், சந்தேகப்பட்ட பெற்றோர் இரண்டே இரண்டு, இரண்டும் கையில் இருந்தன. கைவைத்தவர் யார் என்பதை டிஎன்ஏ சொல்லாது. உங்கள் செடிக்குச் சந்தேகத்துக்குரிய பெற்றோர் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பலர் செத்தே போயிருப்பார்கள். இன்னொன்று, கலப்பினத்தை ஒன்றோடொன்று சேர்த்து ஆறேழு தலைமுறை ஆகிவிட்டதால் எல்லாமே ஒன்றுக்கொன்று சொந்தம். ‘இது மிமி பால்மர் இல்லை’ என்று ஒரு ஆய்வகம் நிரூபித்துத் தரலாம். அதற்கு உங்கள் கண்ணே போதுமே. சிக்கிம் பாக்யோங்கில் இருக்கும் தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையத்துக்கோ ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிடேரியத்துக்கோ எழுதிக் கேட்கலாமா என்றும் யோசிப்பீர்கள். காட்டில் விளையும் இயற்கை இனம் என்றால் அவர்களைக் கேட்பது நியாயம். கடையில் வாங்கிய கலப்பினத்தின் வீட்டுப் பெயரைக் கேட்டால் அவர்களும் நாலாமவர் சொன்னதைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள்.

ஏமாற்றினார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு லேபிள் எப்படித் தப்பாகிறது என்று உள்ளே இருந்து பார்க்கவேண்டும். நான் வேலை பார்த்த கூடத்தில் குடுவைகளை லேமினார் அறைக்குள் (கிருமி வடிகட்டிய காற்று ஓடும் இடம்) கொண்டுபோவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் வெளிப்பக்கம் துடைப்போம். கிருமி போகவேண்டும் என்பதற்காக. குடுவையின் மேல் சேர்க்கை எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதியிருப்போம். ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மசி என்ன ஆகும்? பஞ்சு நீலமாகிவிடும், குடுவை வெறும் கண்ணாடியாகிவிடும். ஒரு நாளைக்கு எழுபது எண்பது குடுவை. துடைத்த பெண் ‘அண்ணா, இது எந்த நம்பர்?’ என்று கேட்பாள். பக்கத்துக் குடுவையின் நம்பரைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஒரு தடவை நான் சொன்னது சரியாக இல்லை.  அந்த ஒரு குடுவையில் இருந்ததைப் பிரித்துப் பத்துக் குடுவையில், குடுவைக்கு 25 நாற்றாக மாற்றி, அவை வளர்ந்து, வெளியே எடுத்து, வேரில் ஒட்டிய அகார் கூழைக் கழுவி, நியூஸ் பேப்பரில் பரப்பி உலர்த்தி, தேங்காய்மட்டைத் துண்டில் நட்டு, ட்ரேயின் மூலையில் ஒரே ஒரு லேபிள் குத்தி விற்றாயிற்று. மூன்று வருஷம் கழித்துக் கொச்சியிலிருந்து ஒருவர் போன் செய்தார். ‘சாரே, வெள்ளை என்று சொல்லித் தந்தீர்கள், ரோஸ் பூத்திருக்கிறதே?’ அது டென்ட்ரோபியம். அவர் வாங்கியது 240 கன்று. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் அவரிடமிருந்து ஒன்றும் இரண்டுமாக வாங்கிப்போன ஆட்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்த வெள்ளை லேபிளோடு ரோஸ் பூவை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் உங்களை மாதிரியே முழித்துக்கொண்டிருப்பார்.

குடுவையைத் தாண்டினால் இன்னும் வழிகள். மகரந்தம் வைக்கும்போது முந்தின பூவின் துணுக்கு குச்சியில் ஒட்டியிருக்கும். தாய்லாந்திலிருந்து வரும் பெட்டியில் பெட்டிக்கு ஒரு பெயர்தான் எழுதியிருக்கும், நடுவில் இரண்டு வகை கலந்திருந்தால் பிரித்தவருக்குத் தெரியாது. வாண்டாவுக்குத் தொட்டி கிடையாது. லேபிளைக் கம்பியில் கோத்து வேரிலோ கூடையிலோ கட்டுகிறோம். காற்றில் ஆடி அறுந்து கீழே விழும். விழுந்ததை எடுத்து மேலே இருக்கிற எந்தச் செடிக்காவது கட்டிவிடுவார்கள், அந்த நேரத்தில் வேலையாளுக்கு அதுதான் நியாயமாகப் படும். அணிலும் சும்மா இருக்காது. கூடுகட்ட நார் தேடி வந்து லேபிளோடு இழுத்துக்கொண்டு போனதை என் குடிலில் பார்த்திருக்கிறேன். கடைசியாக இணையத்தில் விற்பவர். அவர் பெயரைத் தேடி, வந்த படங்களில் அழகானதை எடுத்துப் போட்டுவிடுகிறார். உங்களுக்குக் கொடுத்தவர் அந்தச் செடியின் பூவைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். பூக்காத சின்னச் செடிதானே.

அதனால் உங்கள் விஷயத்தில் திட்டமிட்ட மோசடி என்று நான் நினைக்கவில்லை. பெரிய பூ நீல வாண்டாவும் அதே அளவில் அதே விலைக்கோ அதிகமாகவோ விற்கும். அதை மிமி பால்மர் என்று பொய் சொல்லி விற்பதில் யாருக்கும் லாபமில்லை. தவறு எங்கேயோ மேலே நடந்து, உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் கவனக்குறைவு உண்டு. இணையத்துப் படத்தைப் போட்டு, ‘மணம் உறுதி’ என்று எழுதி விற்றவருக்குப் பொறுப்பு உண்டு. மூன்று படம் எடுங்கள்: பூவை நேராக, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, லேபிளோடு செடி முழுசாக. பில்லும் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். அதே தடவையில் வந்த மற்ற செடிகள் எப்படிப் பூத்தன என்றும் கேளுங்கள். இதுதான் முக்கியமான கேள்வி. நாலு பேருக்கு இதே கருநீலம் பூத்திருந்தால் பெட்டியே தப்பு என்று அர்த்தம், அவருக்குக் கொடுத்தவரிடம் அந்தப் பெட்டியின் எண் இருக்கலாம். உங்கள் செடிக்கு உண்மையான பெயர் கிடைக்க இருக்கிற ஒரே வழி அதுதான். பூவைப் பார்த்துக் கிடைக்காது, காகிதத்தைத் துரத்தினால் ஒருவேளை கிடைக்கும். நல்ல நர்சரி என்றால் மாற்றுச் செடியோ பணமோ தருவார்கள். பதிலே சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 850 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். நான் போகமாட்டேன். இருந்த இடத்தில் நீல வாண்டா ஒன்று கிடைத்ததே என்று விட்டுவிடுவேன். ஆனால் அது நான் தினம் நூறு வாண்டா பார்ப்பவன் என்பதால் இருக்கலாம்.

அசல் மோசடி எப்படி இருக்கும் என்றும் ஒரு வார்த்தை. மயில்நீல ஃபலனாப்சிஸ் (இதுவும் ஒரு ஆர்க்கிட்) என்று விற்பது பெரும்பாலும் வெள்ளைப் பூவின் காம்பில் சாயம் ஏற்றியது. அடுத்த தடவை வெள்ளையாகத்தான் பூக்கும். ஆர்க்கிட் விதை என்று எள் அளவில் பாக்கெட்டில் வந்தால் அது வேறு ஏதோ. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், வீட்டில் மண்ணில் தூவி முளைக்காது. உங்களுடையது அந்த ரகம் இல்லை.

உங்களை மாதிரி எனக்கு எழுதுபவர்களில் பாதிப் பேருக்கு லேபிள் தப்பே இல்லை, அவர்கள் தப்பென்று நினைத்திருப்பார்கள். உங்களுக்கு இனிமேல் உதவும் என்பதால் சொல்கிறேன். ‘அஸ்கோசெண்டா பிரின்செஸ் மிகாசா’ என்று வாங்கியவர், பக்கத்து வீட்டில் ‘வாண்டா பிரின்செஸ் மிகாசா’ என்று இருப்பதைப் பார்த்து, என்னுடையது போலி என்கிறார். இரண்டும் ஒன்றுதான். அஸ்கோசென்ட்ரம் என்ற பேரினத்தைத் தாவரவியலாளர்கள் வாண்டாவுக்குள் சேர்த்துவிட்டதால் அஸ்கோசெண்டா என்ற பெயரே போய்விட்டது. இன்னொருவர் மிகாசாவில் நீலம் கேட்டேன், ரோஸ் வந்தது என்கிறார். அந்தக் கிரெக்ஸில் நீலமும் உண்டு, ரோஸும் உண்டு. நிறத்தைச் சொல்லி வாங்கியிருந்தால் கோபப்படலாம், பெயர் தப்பென்று சொல்ல முடியாது. இன்னும் வேடிக்கை ஆன்சிடியம் ட்விங்கிள் என்ற வேறொரு கலப்பின ஆர்க்கிட். அதன் பெற்றோர் சீரோஃபோரமும் ஆர்னித்தோரிங்கமும் என்று பல பத்தாண்டு எல்லோரும் எழுதினார்கள். கடைசியில் பார்த்தால் தோட்டங்களில் ஆர்னித்தோரிங்கம் என்ற பெயரில் இருந்த அந்த ரோஸ் பூச்செடி ஆர்னித்தோரிங்கமே இல்லை. அசல் ஆர்னித்தோரிங்கம் ஆண்டிஸ் மலைப் பக்கத்து மஞ்சள் பூ. ரோஸுக்கு 2010-இல்தான் சோட்டோவானம் என்று புதுப்பெயர் வைத்தார்கள். உலகம் பூராவும் ஒரே சமயத்தில் தப்பு லேபிள். ட்விங்கிள் வாங்கிய ஒருவருக்கும் பணம் திரும்ப வரவில்லை.

சரி, இப்போது செய்யவேண்டியது. மூன்று பேர் சொன்ன மூன்று பெயரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புது லேபிள் மட்டும் எழுதாதீர்கள். அது முதல் தப்பைவிட மோசமான தப்பு. முதல் தப்பு பூத்ததும் வெளியே தெரிந்துவிட்டது. இந்த இரண்டாவது தப்பு பார்க்க நம்பும்படியாக இருப்பதால் பிடிபடாது. உங்களிடமிருந்து ஒரு கெய்க்கி (செடியிலேயே முளைக்கும் குட்டிக்கன்று) வாங்கிப்போகிறவர் அதை ராபர்ட்ஸ் டிலைட் என்றே நம்பி, வேறொன்றோடு சேர்த்து, அந்தப் பெற்றோர் பெயரோடு பதிவும் செய்துவிட்டால், பொய் பிறப்புப் பதிவேட்டுக்குள்ளேயே போய்விடும். இந்தச் செடியைக் கலப்பினம் செய்ய நீங்களும் பயன்படுத்த வேண்டாம், அழகுக்காகச் செய்து பார்த்தால் பெயர் எதுவும் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டால் பெயர் தெரியாதது என்று சொல்லியே வையுங்கள். பூ நன்றாக இருந்தால் பார்ப்பவர்கள் நிற்கத்தான் செய்வார்கள்.

வாசனைக்காக ஏங்கினால் பூத்த நிலையில் இருக்கும் மிமி பால்மரை, மதியம் போய், நீங்களே மோந்து பார்த்து வாங்குங்கள். விலை இரண்டு மடங்காக இருந்தாலும் பரவாயில்லை.

பழைய லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நாள் அந்த நர்சரியிலிருந்து பதில் வந்தால், உங்கள் செடியையும் அந்தப் பெட்டியையும் இணைக்கும் ஒரே கயிறு அதுதான். அதைச் செடியிலேயே கட்டிவைத்து, பின்பக்கம் இப்படி எழுதுங்கள்: ‘வாண்டா கலப்பினம், பெயர் தெரியாது. மிமி பால்மர் என்று வாங்கியது, அது இல்லை.’ கீழே வாங்கிய தேதி, முதல் பூ விரிந்த மாதம், பூவின் அகலம். மார்க்கர் பேனா வேண்டாம், ‘அழியாது’ என்று போட்டிருப்பதும் ஒரு கோடை வெயிலுக்குள் வெளுத்துவிடும். சாதாரணப் பென்சில் போதும், பிளாஸ்டிக்கில் பத்து வருஷமானாலும் நிற்கும். எச்.பி. (HB) வேண்டாம், கொஞ்சம் கறுப்பாக எழுதும் 2பி எடுங்கள்.